சின்ன வெங்காயத்துக்கு நான் போட்ட பூஜ்ஜியம்

இப்போதெல்லாம் பரீட்சைப் பேப்பரை யாரும் கையால் தொடுவதில்லையாம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறார்கள். வாத்தியார் திரையைப் பார்த்து மார்க்கைத் தட்டிவிட்டு எழுந்து போகலாம். போன மாதம் அரியலூரில் என் வீட்டுக்கு வந்த செந்தில்தான் இதைச் சொன்னான். செந்தில் என் பழைய மாணவன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் வகுப்பில் நிம்மதியாகத் தூங்கியவன். இப்போது அதே துறையில் உதவிப் பேராசிரியராகி, தூங்குகிற பிள்ளைகளை எழுப்பிக்கொண்டிருக்கிறான்.

"மேடம், துறை மலருக்கு நீங்க ஒரு கட்டுரை தரணும். உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத சம்பவம். நல்லதா எழுதுங்க மேடம்" என்றான். அந்த 'நல்லதா'வை இரண்டு தடவை சொன்னான். என் வாயைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

முப்பத்து நாலு வருடம் பொருளாதாரம் நடத்தியவளிடம் சம்பவத்துக்கா பஞ்சம். வரதராசன்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியார் மகளாகப் பிறந்து, பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஏ. படித்து, கொஞ்ச காலம் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் படித்த கல்லூரிக்கே வேலைக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு மேல் என் இளமைக்காலத்தில் சொல்ல ஒன்றுமில்லை. தினம் அரியலூரிலிருந்து பஸ். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போவோம். கல்லூரிக்குப் போய் இறங்கும்போது தலையில் வெள்ளைப் பொடி இருக்கும். வயசாவதற்கு முன்னாலேயே நரைத்துப் பழகிக்கொண்டேன்.

எனக்குத் துறைத்தலைவராக இருந்தவர் கலியபெருமாள் சார். எம்.ஏ.வில் எனக்குப் பாடம் எடுத்தவரும் அவர்தான். சார் நாற்காலியில் உட்காருவதற்கு முன் கைக்குட்டையை நாலாக மடித்து விரிப்பார். எழும்போது அதை அதே மடிப்பில் எடுத்துப் பையில் வைப்பார். பச்சை மையில்தான் எழுதுவார். பாடம் நடத்துவதென்றால் அவருக்கு நோட்ஸ் சொல்வது. காலிக்கோ பைண்டு போட்ட பெரிய நோட்டைப் பார்த்து, "தேவை கமா அளிப்பு கமா விலை ஆகியவை புள்ளி" என்று கமாவையும் புள்ளியையும் சேர்த்தே சொல்வார். முதல் வாரத்தில் பாதிப் பேர் கமாவை எழுத்தாகவே எழுதி வைத்திருப்போம்.

சார் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. "பார்ப்போம்" என்பார். லீவு கேட்டால் பார்ப்போம். ஃபேன் ஓடவில்லை என்றால் பார்ப்போம். பார்ப்போம் என்றால் நடக்காது என்று துறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டவன் முகம் வாடாமல்தான் வெளியே வருவான். அது ஒரு திறமை. எனக்குக் கடைசி வரை கைவரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்ததும் சார் சொன்ன நோட்ஸைத்தான் நானும் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். ஆனால் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பிள்ளைகள் என் நோட்டை வாங்கி ஜெராக்ஸ் எடுத்தார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் "ரோஸ்லின் மேடம் நோட்ஸ்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பக்கத்துக் கல்லூரிகளுக்கும் அது போயிற்று. எனக்குத் தலைக்கனம் ஏறாமல் இருக்குமா. போகப் போக கலியபெருமாள் சாரே தன் நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, என் நோட்ஸ் ஜெராக்ஸைப் பார்த்துப் பாடம் சொல்ல ஆரம்பித்தார். "என் நோட்டு மங்கிப் போச்சும்மா. உன்னோடது பளிச்சுன்னு இருக்கு" என்றார்.

இந்தப் பளிச்சு நோட்ஸில் 'சிலந்தி வலைத் தேற்றம்' என்று ஒரு பகுதி. பொருளாதாரம் படிக்காதவர்களுக்கும் புரியும், பயப்பட வேண்டாம். வெங்காயம் விலை ஏறின வருடம் எல்லாரும் வெங்காயம் நடுவார்கள். எல்லாரும் நட்டதால் அடுத்த வருடம் விலை விழும். விழுந்ததைப் பார்த்து எல்லாரும் விட்டுவிடுவார்கள். அதனால் மறு வருடம் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கோடு போட்டு வரைந்தால் சிலந்தி வலை மாதிரி வரும். இந்த ஆட்டம் வர வர அடங்குமா, வர வரக் கூடுமா? கேள்வி இவ்வளவுதான். விலையைப் பார்த்துத் தன் அளவைக் கூட்டிக் குறைப்பதில் நடுகிறவன் ரொம்ப மாறுகிறானா, வாங்குகிறவன் ரொம்ப மாறுகிறானா என்பதை வைத்துப் பதில் சொல்லலாம். நடுகிறவன் ரொம்ப மாறினால் ஆட்டம் அடங்கும் என்று என் நோட்ஸில் இருந்தது. உதாரணத்துக்கு நம் ஊர்ச் சின்ன வெங்காயத்தைப் போட்டிருந்தேன்.

ஒரு வருடம் எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் வேளாண் பொருளாதாரம் நடத்தும்போது மறுபடி அந்தத் தேற்றம் வந்தது. முதல் வருடமே ஒரு தடவை நடத்தியதுதான். வளர்மதி எழுந்து நின்றாள். முப்பது வயசு இருக்கும். குரும்பலூர்ப் பக்கம் கிராமம், கல்யாணம் ஆனவள், வீட்டுக்காரரோடு சேர்ந்து விவசாயம் பார்த்துக்கொண்டே படிக்க வந்தவள்.

"மேடம், எங்க ஊர்ல அடங்கலீங்களே. ஆட்டம் வருசா வருசம் கூடத்தான் செய்யுது. வெல ஏறுச்சுன்னா ஊரே நடுது. வாங்குறவங்க எப்பவும் வாங்குற அளவுதான வாங்குறாங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி, வா, வரைந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருந்தால்தானே. "ஏம்மா, உங்க வூட்டு வெங்காயத்துக்குத் தேற்றம் தெரியலன்னா நான் என்ன பண்றது? அடுத்த தடவ நடும்போது என் நோட்ஸ வயல்ல கட்டித் தொங்க விடு, படிச்சுக்கட்டும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு அன்று முழுக்க நல்ல ஜோக் சொன்ன திருப்தி.

எனக்கு ஒரு வழக்கமான புலம்பல் உண்டு. பழைய மாணவர்களைக் கேட்டால் இன்றும் நடித்துக் காட்டுவார்கள். "முப்பது மார்க்குக்குப் படிக்கிறீங்க, அறுபது மார்க்குக்குப் படிக்கிறீங்க. நான் சொல்லிக் கொடுத்தத ஒருத்தராவது வாழ்க்கையில பயன்படுத்தியிருக்கீங்களா?" வருடத்துக்கு நாலு தடவையாவது இதைச் சொல்லிவிடுவேன். அந்த வருடமும் சொன்னேன்.

ஏப்ரலில் பரீட்சை. அப்புறம் விடைத்தாள் திருத்தும் முகாம். செந்தில் போன்றவர்களுக்கு அது எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பல கல்லூரிப் பேப்பர்களும் ஒரே இடத்துக்கு வரும். மாணவர் பதிவெண்ணைக் கிழித்துவிட்டு ஒரு பொய் எண் போட்டிருப்பார்கள். யார் பேப்பர் என்று ஆண்டவனுக்கும் தெரியாது. காலையில் ஒரு கட்டு, சாப்பாட்டுக்கு மேல் ஒரு கட்டு. கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் தலைமை அதிகாரி விடைக்குறிப்பை உரக்கப் படிப்பார். அதை நாங்கள் 'கீ' என்போம். எந்தக் கேள்விக்கு என்ன பதில், எதற்கு எத்தனை மார்க் என்று அதில் இருக்கும். திருத்துகிறவர் சிவப்பு மை, தலைமை பச்சை மை. ஒரு பெரிய கேள்விக்கு முழு பூஜ்ஜியம் போட்டால் மட்டும் எழுந்து போய்த் தலைமையிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அந்த வருடம் தலைமை கலியபெருமாள் சார். மே மாதக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறார். அதனால் கைக்குட்டையை வழக்கத்தை விடக் கவனமாக மடித்தார். பெரிய கேள்விகளில் ஒன்று சிலந்தி வலை. சார் எழுதிக் கொண்டுவந்த கீயில் என் நோட்ஸ் வரிக்கு வரி அப்படியே இருந்தது. சார் படித்தார், நாங்கள் தலையாட்டினோம். எனக்கு வந்த கட்டுகளில் எல்லாப் பேப்பரிலும் வெங்காயம்தான், ஏனென்றால் எல்லாரும் என் நோட்ஸைப் படித்தவர்கள். சாயங்காலம் முகாமை விட்டு வெளியே வரும்போது கையெல்லாம் வெங்காய வாசனை அடிக்கிற மாதிரி இருந்தது.

நடுவில் ஒரு பேப்பர். அதிலும் வெங்காயம்தான், ஆனால் பதில் தலைகீழ். நடுகிறவன் ரொம்ப மாறினால் ஆட்டம் கூடும் என்று எழுதி, படமும் போட்டிருந்தது. படத்தை நான் பார்க்கக்கூட இல்லை. கீயில் இல்லாதது தப்பு. பூஜ்ஜியம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சார் கீயைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். "புள்ள மாத்திப் படிச்சுட்டு வந்துருக்கு" என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. ஒரு வாரம் கழித்து வளர்மதி துறைக்கு வந்தாள். வேளாண் பொருளாதாரத்தில் நாலு மார்க்கில் போயிற்று. மற்ற எல்லாப் பேப்பரும் முதல் வகுப்பு. விடைத்தாள் நகல் கேட்டு வாங்கிக் கொண்டுவந்திருந்தாள். செந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பொருளாதார டீச்சர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. ஜூனில் பள்ளி திறக்கும்போது எம்.ஏ. பாஸ் என்று காட்டினால் வேலை. இல்லாவிட்டால் அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள். மறு பரீட்சை நவம்பரில்தான்.

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் நகலை மேஜையில் வைத்து, "மேடம், எதுல தப்புப் பண்ணிருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. நவம்பர்ல சரியா எழுதிக்கறேன்" என்றாள்.

பக்கத்தைத் திருப்பினேன். என் பூஜ்ஜியம் எனக்குத் தெரியாதா? நான் பூஜ்ஜியம் போட்டால் தலைப்பக்கம் சேராது, கொஞ்சம் வாய் பிளந்திருக்கும். திருத்தியது நான்தான். ஆனாலும் பூஜ்ஜியம் சரிதானே, பதில் தப்புதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வரைந்து காட்டுகிறேன் என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் போர்டில் நான் அந்தப் படத்தை முறைப்படி வரைந்ததே இல்லை. முதலில் அழகாக ஒரு வலையைப் போட்டுவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி கோடுகளை இழுப்பேன். வலை அழகாக இருக்கும், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிய வேண்டுமே என்று கோடுகளை முதலில் போட்டு, ஒவ்வொரு வருடமாக நகர்த்தினேன். இந்த வருடம் விலை இங்கே, அதனால் அடுத்த வருடம் விளைச்சல் இங்கே, அதனால் விலை இங்கே. வலை உள்ளே சுருங்க வேண்டும். சுருங்கவில்லை. வெளியே போய்க்கொண்டே இருந்தது. தாளின் ஓரத்துக்கு வந்துவிட்டது.

கை பிசகிவிட்டது என்று இரண்டாவது தாளை எடுத்தேன். அதிலும் வெளியே போயிற்று. மூன்றாவது தாளில் ஸ்கேல் வைத்தேன்.

"மேடம், ஸ்கேல நான் புடிச்சுக்கட்டுங்களா? நழுவுது" என்றாள் வளர்மதி. கேலி எதுவும் இல்லை, நிஜமாகவே உதவத்தான் கேட்டாள். அவள் பிடித்துக்கொண்டாள், நான் கோடு போட்டேன். மூன்றாவது தடவையும் வலை வெளியேதான் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ எழுதுனதுதாம்மா சரி" என்றேன். அந்த ஐந்து நிமிடத்தில் என் பளிச்சு நோட்ஸ் போன இடமெல்லாம் கண் முன்னால் வந்தது.

நேரே சார் அறைக்குப் போனேன். மனதுக்குள் ஒரே ஒரு ஆசை, தப்பு அவர் நோட்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். சார் பீரோவைத் திறந்து காலிக்கோ நோட்டை எடுத்துத் தூசி தட்டினார். விரலால் வரி வரியாகத் தேடினார். நடுகிறவன் ரொம்ப மாறினால் ஆட்டம் கூடும் என்று மங்கலான எழுத்தில் தெளிவாக இருந்தது. எம்.ஏ.வில் அவர் அதை நடத்திய அன்று நான் ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்குப் போய்விட்டேன். தோழி நோட்டைப் பார்த்து அவசரமாக எழுதியதில் இரண்டு படத்துக்கும் தலைப்பை மாற்றிப் போட்டிருக்கிறேன். அந்தத் தோழி இப்போது வெளியூரில் இருக்கிறாள். அவள் நோட்டில் எப்படி இருந்தது என்று இன்று வரை நான் கேட்கவில்லை. சரியாகத்தான் இருக்கும் என்று பயம்.

"என் நோட்டுல சரியாத்தான் இருக்கு" என்றபோது சார் முகம் மலர்ந்தது. ஒரு நொடிதான். கீயில் இருப்பது தன் கையெழுத்து என்பது ஞாபகம் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டை விரிக்காமல் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"மறுமதிப்பீட்டுக்குப் போடச் சொல்லும்மா அந்தப் பொண்ண" என்றார்.

"மறுமதிப்பீடு பண்றவரும் இதே கீயத்தான சார் பாப்பாரு? அவரும் பூஜ்ஜியம்தான் போடுவாரு. கீ தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தாத்தான் உண்டு."

"நான் ரிட்டயர் ஆக இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு."

"தெரியும் சார். ஸ்கூல் தொறக்கவும் ரொம்ப நாள் இல்ல."

சார் ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்புறம் சொன்னார், "பார்ப்போம்."

அந்தப் பார்ப்போம் எனக்குத் தெரியாததா? அன்று பஸ்ஸில் அரியலூர் வரை எனக்கும் வசதியான யோசனைகள்தான் வந்தன. நவம்பரில் எழுதிக்கொள்ளட்டுமே. வேறு வேலை கிடைக்காதா? பாடத்திட்டக் குழுவுக்கு என் பெயர் போயிருந்த நேரம் அது. இருபது வருடம் தப்பாக நடத்தினேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் யார் அங்கே உட்கார வைப்பார்கள்? இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் போட்டேன். கண்ணை மூடினால் ஸ்கேலைப் பிடித்திருந்த அவள் கைதான் தெரிந்தது, நகக்கண்ணெல்லாம் மண்.

மறுநாள் காலையில் கடிதத்தை எழுதிக்கொண்டு போனேன். சார் கையெழுத்துப் போடாவிட்டாலும் என் பெயரில் அனுப்புவது என்று முடிவு. "சிலந்தி வலைத் தேற்றத்துக்கான விடைக்குறிப்பு தவறு. இத்தவறு நான் தயாரித்த நோட்ஸிலிருந்து வந்தது. சரியாக எழுதிய மாணவருக்கு நான் பூஜ்ஜியம் வழங்கியுள்ளேன்" என்று இருந்தது. மூன்று படங்களையும் இணைத்திருந்தேன்.

சார் நிதானமாகப் படித்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார். முதலில் விட்டுப்போன ஒரு கமாவைப் போட்டார். அப்புறம் 'நான் தயாரித்த' என்று இருந்ததை அடித்துவிட்டு 'நாங்கள் பயன்படுத்திய' என்று எழுதினார். 'நான் பூஜ்ஜியம் வழங்கியுள்ளேன்' என்பதை 'நாங்கள் பூஜ்ஜியம் வழங்கியுள்ளோம்' ஆக்கினார். கீழே முழுக் கையெழுத்து.

"பார்க்காம போட்டது நானும்தானம்மா" என்றார். "திரும்ப எழுத வேணாம். இப்படியே போகட்டும். நீயே நேர்ல கொண்டு போ, தபால்ல போட்டா நான் ரிட்டயர் ஆனப்புறம்தான் போய்ச் சேரும்."

கொண்டு போனேன். தேர்வு அலுவலகத்தில் இருந்த அலுவலர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "மேடம், தப்பு எங்களோடதுன்னு இதுவரைக்கும் யாரும் லெட்டர் குடுத்ததில்லையே. இத எந்த ஃபைல்ல வைக்கிறதுன்னு தெரியலியே" என்றார். புது ஃபைல் ஒன்று போடுங்கள் என்றேன். போட்டார்கள். நோட்ஸை நம்பி எழுதிய பிள்ளைகளின் மார்க்கைத் தொடவில்லை, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள். சரியாக எழுதிய பேப்பர்களை மட்டும் தேடி எடுத்துத் திரும்பத் திருத்தினார்கள். தேடியதில் ஒரே ஒரு பேப்பர்தான் கிடைத்ததாம்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ரிசல்ட் திருத்தி வந்தது. கலியபெருமாள் சார் அப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். போன் செய்து சொன்னேன். "சரி" என்றார். அவர் வாயில் சரி என்று ஒரு சொல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்கு அடுத்த நாள் வளர்மதி ஒரு மஞ்சள் பையில் சின்ன வெங்காயத்தோடு வந்தாள். வாங்க மாட்டேன் என்றேன், மேஜைக்கு அடியில் வைத்துவிட்டாள். எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"ஏம்மா, அத்தன பேரும் நோட்ஸ்ல இருக்கறத எழுதிட்டு மார்க் வாங்கிட்டுப் போறாங்க. நீ மட்டும் எப்படி அவ்வளவு உறுதியா மாத்தி எழுதுன? புஸ்தகம் ஏதாவது படிச்சியா?"

"இல்ல மேடம்" என்று தயங்கினாள். "மொத வருசம் நீங்க இத நடத்துனப்ப நான் அப்படியே நம்பிட்டேன். அந்த வருசம் வெங்காயம் நல்ல வெல. அடுத்த வருசம் நடலாமா வேணாமான்னு வூட்டுல ஒரே பேச்சு. எங்க வூட்டுக்காரரு வேணாம்னாரு. நாந்தான் நோட்டப் பிரிச்சுக் காட்டி, ஆட்டம் அடங்கிரும், வெல ரொம்ப எறங்காதுன்னு மேடம் சொல்லிருக்காங்கன்னேன். ரெண்டு ஏக்கரும் வெங்காயமே நட்டோம்."

"அப்புறம்?"

"புடுங்குனா கூலிக்கே கட்டாதுன்னு ஆட்ட ஓட்டி மேய விட்டுட்டோம் மேடம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நோட்ஸை வயலில் கட்டித் தொங்க விடு என்று நான் வகுப்பில் சொன்னது அதற்கும் பிறகு.

"இத ஏம்மா என்கிட்ட முன்னாடியே வந்து சொல்லல?"

"கேட்டனே மேடம்" என்றாள். "கிளாஸ்ல எழுந்து கேட்டனே."

செந்தில், நல்லதாக எழுதச் சொன்னாய். இதுதான் இருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்ததை ஒருத்தராவது வாழ்க்கையில் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று அதற்கப்புறம் நான் எந்த வகுப்பிலும் கேட்கவில்லை. வருடா வருடம் கேட்டுக்கொண்டிருந்த மேடம் திடீரென்று ஏன் நிறுத்திவிட்டார் என்று உங்கள் செட்டில் பேசிக்கொண்டீர்களாமே. ஒருத்தி பயன்படுத்தியிருந்தாள்.